யாருக்கு நேரும் இடர்? கனடாவின் தொல்குடித் துறையும் அதன் பதிவேடும்

ஒரு துறையின் பணியைக் குலைக்கக்கூடியவற்றை முன்கூட்டியே கணித்து, அவை நேரும் வாய்ப்பையும் விளைவையும் மதிப்பிட்டு, தடுப்புக்கான பொறுப்பை வகுக்கும் நடைமுறையே இடர் மேலாண்மை எனப்படுகிறது. கனடாவில் தொல்குடி மக்களுக்கான துறை இதனைப் பல்லாண்டுகளாகச் செய்து வருகிறது. சட்ட இடர், தொல்குடிகளுடனான உறவு சார்ந்த இடர் ஆகியன அதன் ஆண்டுத் திட்ட அறிக்கைகளில் தனித் தலைப்புகளாகவே இடம்பெற்றன. இந்தத் தலைப்புகளை வாசிக்கையில் நாம் முதலில் கேட்க வேண்டியது, இது யாருக்கு நேரும் இடர் என்பதே. துறை நீதிமன்றத்தில் தோற்பதும் ஓர் இடர்தான். பூஞ்சை படிந்த வீட்டில் ஒரு குழந்தை வளர்வதும் ஓர் இடர்தான். முன்னது அதிகாரியின் மேசைக்கு விரைந்து வந்துசேர்கிறது.

2011 அக்டோபரில், ஒன்டாரியோ மாகாணத்தின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய அட்டவாபிஸ்கட் என்னும் கிரீ குடியிருப்பு, வீட்டு வசதி நெருக்கடியால் அவசர நிலையை அறிவித்தது. கடுங்குளிர் நெருங்கும் வேளையில் குடும்பங்கள் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் வாழ்ந்தன. துறையோ இதனை நிதி நிர்வாகத்தில் நேர்ந்த இடராகவே கண்டது. குடியிருப்பின் நிதியைக் கையாள வெளியிலிருந்து மூன்றாம் தரப்பு மேலாளர் ஒருவரை அமர்த்தியது. அவருக்கான ஊதியம் அம்மக்களுக்குரிய நிதியிலிருந்தே சென்றது. வீடு கேட்டவர்களுக்குக் கணக்காளர் கிடைத்தார். 2012 ஆகஸ்டில் கூட்டாட்சி நீதிமன்றம் இந்நியமனம் நியாயமற்றது எனத் தீர்ப்பளித்தது. மக்களிடம் இல்லாதிருந்தது நிதி நிர்வாகத் திறன் அன்று, பொருளாதாரமும் வழிவகையுமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

கணக்கு கேட்பதில் குறை ஏதும் இருந்ததில்லை. நான்கு கூட்டாட்சி அமைப்புகள் ஒரு தொல்குடிச் சமூகத்திடம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 168 அறிக்கைகளைக் கோருகின்றன எனத் தலைமைத் தணிக்கையாளர் 2002லேயே சுட்டிக்காட்டினார். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊர்களும் இதற்கு விலக்கல்ல. (நம் நாட்டில் இச்சுமை, சட்டப்படியாவது, அரசின் மீதே உள்ளது. நிதி ஒதுக்கீட்டையும் செலவையும் ஒவ்வொரு துறையும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு.)

துறை தனக்கு நேரும் இடரை மட்டும் தவிர்க்க முனைந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜோர்டான் ரிவர் ஆண்டர்சனின் வாழ்வே சான்று. மனிடோபாவின் நார்வே ஹவுஸ் கிரீ சமூகத்தில் பிறந்த அச்சிறுவன் மருத்துவமனையை விட்டு வெளியேறலாம் என மருத்துவர்கள் கூறிய பின்னரும், வீட்டுப் பராமரிப்புச் செலவை ஏற்பது யார் என ஒன்றிய அரசும் மாகாண அரசும் இரண்டாண்டுகளுக்கும் மேலாக வாதிட்டுக்கொண்டிருந்தன. 2005இல், ஐந்து வயதில், தன் வீட்டில் ஒரு நாளும் வாழாமலே அவன் இறந்தான். முதலில் அணுகப்படும் அரசு சேவையை வழங்கட்டும், செலவுத் தகராறு பின்னர் தீரட்டும் என்னும் கோட்பாடு அவன் பெயரால் உருவானது. நாடாளுமன்றக் கீழவை 2007இல் அதனை ஒருமனதாக ஆதரித்தது. எனினும் துறை அதனை மிகக் குறுகிய பொருளிலேயே நடைமுறைப்படுத்தியது. தொல்குடிக் குழந்தைகளுக்கு எதிராக அரசு பாகுபாடு காட்டியது என 2016 ஜனவரியில் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. 2023இல் நீதிமன்றம் ஏற்ற இழப்பீட்டு உடன்பாட்டின் மதிப்பு 2,300 கோடி டாலருக்கும் மேல். செலவைத் தவிர்க்கும் மேலாண்மை இறுதியில் எவ்வளவு செலவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கை நாங்கள் கண்டதில்லை.

2017இல் துறையைப் பிரிப்பதாக அறிவிக்கப்பட்டு, 2019இல் சேவைகளுக்கெனத் தனித் துறை சட்டப்படி நிறுவப்பட்டது. பெயர்ப்பலகை மாறிய பின்னரும் பழைய வழக்கம் தொடர்கிறது. வெள்ளம், காட்டுத்தீ போன்ற பேரிடர்களில் முன்தடுப்புக்குச் செலவிட்டதைப் போல் மூன்றரை மடங்கினைப் பின்விளைவுகளுக்குத் துறை செலவிட்டதாகத் தலைமைத் தணிக்கையாளர் 2022இல் அறிக்கை அளித்தார். ஊர்மக்களே கண்டறிந்து முன்வைத்து, தகுதியுடையவை எனத் துறையும் ஏற்ற 112 தடுப்புக் கட்டுமானத் திட்டங்கள் நிதியின்றிக் கிடந்தன. இதே குறைபாடுகளில் பலவற்றை 2013ஆம் ஆண்டுத் தணிக்கையும் குறிப்பிட்டிருந்தது.