மங்கூ: ஒரு காலையுணவின் பெயரும் அதன் மேல் ஏற்றப்பட்ட கதையும்

டொமினிக்கன் குடியரசின் காலையுணவுகளில் முதலிடம் பெறுவது மங்கூ. வேகவைத்து மசித்த வாழைக்காயின் மேல் வினிகரில் வதக்கிய வெங்காயம் இட்டுப் பரிமாறப்படுவது அது. இப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவினால் அந்நாட்டில் அடிக்கடி ஒரு கதை சொல்லப்படும். 1916 முதல் 1924 வரை அமெரிக்க மரைன் படை அந்நாட்டை ஆக்கிரமித்திருந்தது. அப்படையின் சிப்பாய் ஒருவன் இவ்வுணவை உண்டு, 'மேன், குட்!' என்று வியந்தானாம். அதுவே உள்ளூர் நாவில் 'மங்கூ' ஆயிற்றாம்.

ஒலியியல் நோக்கில் இது நடக்க இயலாததன்று. கரீபிய ஸ்பானியத்தில் சொல்லின் ஈற்றில் நிற்கும் தகர ஒலி தேய்ந்து மறைவது இயல்பு. கதை இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு இந்த ஒலிப்பொருத்தமும் ஒரு காரணம். ஆனால் ஒலிப்பொருத்தம் மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகிவிடாது. அண்டைத் தீவான கியூபாவில் மசித்த வாழைக்காய்க்கு 'ஃபுஃபு' என்று பெயர். அங்கும் இதே போன்றதொரு கதை உண்டு: ஆங்கிலேயர் 'ஃபுட், ஃபுட்' என்று சொன்னது ஃபுஃபு ஆயிற்றாம். கியூபக் கதையைச் சோதிப்பது எளிது. இன்றைய கானா முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில், மரவள்ளி, சேனைவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றை வேகவைத்து உரலில் இடித்துச் செய்யும் உணவின் பெயர் ஃபுஃபுவே. கியூபாவின் பெர்னாண்டோ ஒர்த்திஸ் 1924ஆம் ஆண்டிலேயே ஆப்பிரிக்க வழிச் சொற்களுக்கென ஓர் அகராதி வெளியிட்டார். புவெர்ட்டோ ரிக்கோவின் 'மொஃபோங்கோ' என்னும் வாழைக்காய் உணவின் பெயரையும் ஆய்வாளர் காங்கோ பகுதி மொழிகளோடு இணைத்துக் காண்கின்றனர். அருகருகே உள்ள மூன்று தீவுகள், ஒரே காய், ஒரே மசிக்கும் முறை. இவற்றுள் ஒன்றுக்கு மட்டும் பெயரிட ஓர் அமெரிக்கச் சிப்பாய் வர வேண்டியிருந்தது என்பது நம்பத்தக்கதாக இல்லை.

வாழையின் பயணமும் இதையே சுட்டுகிறது. வாழை ஆசியாவுக்கும் நியூ கினிக்கும் உரியது. போர்ச்சுகீசியர் கப்பலேறுமுன்பே அது ஆப்பிரிக்காவை அடைந்து, மேற்கிலும் நடுவிலும் சமையல் வாழையின் எண்ணற்ற வகைகளாகப் பெருகியிருந்தது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் விளையும் நேந்திரன் அதே சமையல் வாழைக் குழுவைச் சேர்ந்தது. 1516ஆம் ஆண்டில் தோமாஸ் டி பெர்லாங்கா என்னும் துறவி கனேரித் தீவுகளிலிருந்து சாந்தோ தொமிங்கோவுக்கு வாழைக்கன்றுகளைக் கொணர்ந்ததாக வரலாற்றாசிரியர் ஒவியேதோ எழுதினார். ஆயினும் மக்கள் வழக்கு வேறொரு கரையை நினைவில் வைத்திருக்கிறது. டொமினிக்கன் ஸ்பானியத்தில் சமைக்கும் வாழை 'பிளாத்தனோ'. பழமாக உண்ணும் வாழை 'கினேயோ', அதாவது கினிக்கரையைச் சேர்ந்தது. 'பனானா' என்ற சொல்லும் அக்கரையினதே. 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட கார்சியா த ஓர்த்தா, கினியில் இப்பழத்தைப் பனானா என்பர் என்று குறித்திருக்கிறார்.

கன்று வந்த கப்பல் எதுவாயினும், அதைச் சமைக்கத் தெரிந்த கைகள் அடிமைக் கப்பல்களில் வந்தன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆப்பிரிக்கர் இத்தீவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டுக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தனர். ஒருமுறை நட்டால் பக்கக்கன்று விட்டுத் தொடர்ந்து காய்க்கும் வாழை, உழைப்பாளருக்கு மலிவான உணவாயிற்று. வேகவைப்பதும் மசிப்பதும் அவர்கள் முன்னரே அறிந்த தொழில்.

இன்று வீட்டில் அதைச் செய்யும் முறை எளியது. முற்றிய பச்சைக் காயின் இரு முனைகளையும் வெட்டித் தோலை நீளவாக்கில் கீறி, தண்ணீரில் வைத்து உரிப்பர். பால் கையில் கறையாகாது. துண்டுகளை உப்பிட்ட நீரில் குழைய வேகவைத்து, சூடு ஆறுமுன் வெண்ணெயும் வெந்த நீரில் சிறிதும் சேர்த்து மசிப்பர். நீர் குறைந்தால், ஆறியதும் மாவுச்சத்து இறுகிக் கட்டியாகிவிடும். வெங்காய வளையங்களை எண்ணெயில் வதக்கி வினிகர் தெளித்து மேலே இடுவர். பொரித்த பாலாடைக்கட்டி, சலாமி, முட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அத்தட்டுக்கு 'மூன்று அடிகள்' என்று பெயர்.

அந்த ஆக்கிரமிப்புப் படை உண்மையில் விட்டுச்சென்றது வேறொன்று. அது உருவாக்கிய தேசியக் காவற்படையில் 1918இல் சேர்ந்து பயிற்சி பெற்றவர் ரஃபேல் துருஹில்யோ. 1930 முதல் 1961இல் கொல்லப்படும்வரை நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த அவர், நாட்டின் அடையாளம் ஸ்பானியம், கத்தோலிக்கம் என்று வற்புறுத்தினார். கறுமை ஹெய்ட்டிக்கு உரியதென்று ஒதுக்கப்பட்டது. 1937 அக்டோபரில் எல்லைப்புறத்தில் ஹெய்ட்டியரும் அவர் வழிவந்தோரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். கொத்தமல்லி போன்றதொரு கீரையின் ஸ்பானியப் பெயரான 'பெரெஹில்' என்பதில் ரகரத்தை உருட்டிச் சொல்ல இயலாதவர்கள் அடையாளம் காணப்பட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு எவியான் மாநாட்டில் ஒரு லட்சம் அகதிகளை ஏற்பதாக அதே ஆட்சி அறிவித்தது. கறைபட்ட பெயரைக் கழுவுவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. சில நூறு யூதர்களே சொசூவா என்னும் கடற்கரை ஊரில் குடியேறிப் பால்பண்ணையும் இறைச்சித் தொழிலும் வளர்த்தனர். அவர்களின் பாலாடைக்கட்டியும் இறைச்சிப் பண்டங்களும் நாடெங்கும் விற்பனையாயின.

இப்பின்புலத்தில் வைத்துக் காணும்போது சிப்பாய் கதையின் பணி விளங்குகிறது. அது யாரையும் இழிவுபடுத்துவதில்லை, சிரிக்கவே வைக்கிறது. ஆனால் மங்கூவின் ஆப்பிரிக்கத் தொடர்பை விளக்க வேண்டிய தேவையை அது ஓசையின்றி நீக்கிவிடுகிறது. நானூறு ஆண்டு சமைத்த மக்கள் தம் உணவுக்குப் பெயரின்றி இருந்தனர், எட்டு ஆண்டு தங்கிய படை வந்து பெயர் சூட்டியது என்பதையே அதைச் சொல்வோர் அறியாமல் ஏற்கின்றனர். நாட்டார் சொற்பிறப்புகளைப் பிழை என்று மட்டும் குறித்துக் கடந்துவிடுவது போதாது. ஒரு சமூகம் தன் முன்னோருள் யாரை ஒப்புக்கொள்ளத் தயங்கியது என்பதற்கு அவை சான்றாவணங்கள். அவ்வகையில் மங்கூவின் கதையும் வரலாற்று மாணவர் படிக்க வேண்டிய ஓர் ஆவணமே.