கரையான் அரிக்கும் இணையதளம்!

‘தேவாரம்’ என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். சம்பந்தரும் வருவார், தேனி மாவட்டத்துப் பேரூராட்சியும் வரும். பதிகம் தேடியவருக்கு ஏலக்காய் வாசனை, ஊர் தேடியவருக்குத் திருநீற்று வாசனை! சலித்துக்கொள்ளாதீர்கள். இப்படிக் குழம்புகிற அளவுக்காவது தமிழில் தேட முடிகிறதே, அதற்கே ஒரு நீண்ட கதை இருக்கிறது.

முதலில் பழைய கதை. மூவர் பாடிய பதிகங்களின் ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் கிடந்தன. ராஜராஜ சோழன் போய்க் கேட்டபோது, ‘மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும்’ என்றார்களாம் தீட்சிதர்கள். மன்னன் லேசுப்பட்ட ஆளா? மூவரின் சிலைகளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். கதவு திறந்தது. உள்ளே கரையான் புற்று! மிஞ்சியதைத்தான் நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்பது மரபுவழிக் கதை.

‘இது இருந்தால்தான் திறப்போம்’ என்று அந்தக் கதவு சொன்னதையே, 1990-களின் கடைசியில் நம் இணையதளங்களும் சொல்லின. ‘முதலில் எங்கள் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் படியுங்கள்!’

ஏன் அப்படி? கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். அந்தக் கால ஃபான்ட்டில் மொத்தமே 256 இடம். முதல் 128 ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விட்டது. மிச்ச இடத்தில் தமிழை உட்கார வைத்தார்கள். அன்றைக்கு வேறு வழியும் பெரிதாக இல்லை. வம்பு எங்கே வந்தது என்றால், அவரவர் இஷ்டத்துக்கு உட்கார வைத்ததில். ஒரு தளத்தில் ‘க’ இருந்த நாற்காலியில், இன்னொரு தளத்தில் ‘மு’ உட்கார்ந்திருக்கும். ஃபான்ட் இல்லாமல் திறந்தால், தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்று பல்லிளிக்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர் என்ன செய்வார்? மூடிவிட்டு எழுந்து போவார்.

டென்மார்க்கில் பிறந்த ஜேக்கப் நீல்சன் 1996-லேயே, இணையதள வடிவமைப்பின் பத்துப் பெரிய தவறுகள் என்று ஒரு பட்டியல் போட்டார். ஓடும் எழுத்து, ஓயாத அனிமேஷன், பழைய தகவல், திறக்க நேரமாகும் பக்கம்... நம்மூர்த் தவறு அதில் இல்லை. எழுத்தே வராமல் போகும் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார்? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலை இல்லையே!

கடல் கடந்த தமிழர்கள் கூடிப் பேசி, ‘திஸ்கி’ என்று ஒரு பொதுத் தரத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இலக்கியங்கள் ஒவ்வொன்றாக இணையம் ஏறின. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. அதையொட்டித் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு தரங்களை அறிவித்தது. ஒரே தரம் வேண்டும் என்று புறப்பட்டு, கைக்கு வந்தது மூன்று!

இத்தனைக்கும், ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்த யூனிகோடில் 1991-லிருந்தே தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000 அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் கதவு மெள்ளத் திறந்தது. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010 ஜூனில்.

மதுரைத் திட்டம் தன் நூல்களை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. மாற்ற ஆளில்லாத தளங்கள்? எழுதியவர் ராத்திரி கண்விழித்து எழுதியிருப்பார். கூகுளின் கண்ணுக்கு அது வெறும் கிறுக்கல். தேடினால் வராது. அதுவும் கரையான்தான்.

‘அதெல்லாம் முடிஞ்ச கதைதானே’ என்கிறீர்களா? இல்லை. போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. விலை எண்ணாகவே பிறக்கிறது. அதை யாரோ பேப்பரில் அச்சடித்து, போட்டோ பிடித்து, படமாக ஒரு தளத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? தேடினால் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்ட வேண்டிய செல்போன் தடுமாறும். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் மலைச்சரிவில் திறக்கவே திறக்காது. தேதியும் போடவில்லையென்றால் போச்சு! போன வார விலையை நம்பி மூட்டையை இறக்குகிறவருக்குத்தான் நஷ்டம்.

சுற்றுவழியின் வலி தேவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். தலைக்கு மேலேயே சாக்குலூத்து மெட்டு நிற்கிறது. காலம் காலமாகச் சாலை கேட்கிறார்கள். ஆனாலும் வண்டியில் கேரளத்துத் தோட்டத்துக்குப் போக, போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்ற வேண்டியிருக்கிறது.

கடைக்கோ, சங்கத்துக்கோ, ஊர்க் கோயிலுக்கோ நீங்கள் தளம் வைக்கப் போகிறீர்களா? எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். தேதி போடுங்கள். வந்தவரிடம் ‘இது இருந்தால்தான்’ என்று நிபந்தனை வைக்காதீர்கள். மலைக்குச் சாலை போட அரசாங்கம் வரவேண்டும். இதற்கு நீங்களே போதும்!