விளம்பரம் கூப்பிடும், தேடி வருமா?



கோயிலை விட்டு விலகிப்போன கத்தோலிக்கர்களை விளம்பரம் திருப்பிக் கொண்டு வருமா என்பது கேள்வி. வராது என்று சொல்ல வந்திருக்கிறேன். விளம்பரத்தின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவைக் காட்டினார். சரி, அங்கேயே போவோம். 2008-இல் ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் 'கத்தோலிக்ஸ் கம் ஹோம்' என்ற அமைப்பின் தொலைக்காட்சி விளம்பரங்கள் ஓடின. மற்ற மறைமாவட்டங்களும் பின்தொடர்ந்தன. 2011 கிறிஸ்துமஸ் சமயத்தில் நாடு முழுக்க ஒளிபரப்பானது. பல்லாயிரம் பேர் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். வந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் பியூ ஆய்வு மையத்தின் கணக்கையும் பாருங்கள். 2007-இல் அமெரிக்கப் பெரியவர்களில் ஏறக்குறைய 24 விழுக்காட்டினர் கத்தோலிக்கர்கள். 2014-இல் அது ஏறக்குறைய 21 ஆகிவிட்டது. வேறு இடத்திலிருந்து ஒருவர் சேர்ந்தால், ஆறு பேருக்கு மேல் வெளியேறியிருக்கிறார்கள். விளம்பரத்தால்தான் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. விளம்பரத்தால் நிற்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

இப்போது நம் பக்கம் வருவோம். புனித சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கும், 1545-இல் மலாக்காவுக்கும் வந்தார். தெருத் தெருவாகக் கைமணி அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டவர் அவர். "அந்த மணியே விளம்பரம்தானே?" என்று எதிரணி நண்பர் கேட்பார். ஆமாம், விளம்பரம்தான். ஆனால் மணி அடித்தவரே நடந்தார். செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்க வைத்து, மனப்பாடம் செய்து, தாமே சொல்லிக்கொடுத்தார். அடுத்த ஊருக்குப் போகுமுன் என்ன செய்தார்? ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார், அவருக்குச் சம்பளத்துக்கும் வழி செய்தார். மணிச் சத்தம் ஓய்ந்த பிறகும் அந்த மனிதர் ஊரிலேயே இருந்தார்.

இன்னொரு சம்பவம். 1641-இல் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களுக்குத் துணை நின்றது நம் ஜோகூர்ப் படை! கத்தோலிக்க வழிபாடு தடை செய்யப்பட்டது. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1710-இல் புனித பேதுரு ஆலயம் எழும்பும் வரை ஏறக்குறைய எழுபது ஆண்டுகள். மணி அடிக்கவும் வழியில்லை. அப்படியிருந்தும் அந்தச் சமூகம் கரைந்துவிடவில்லை. பாட்டி பேரனுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டார். வேறு என்ன இருந்தது அவர்களிடம்?

அந்தக் கணக்கப்பிள்ளையின் வாரிசுதான் நம் ரப்பர் தோட்டத்து உபதேசியார். சாமியார் எப்போதாவதுதான் வருவார். உபதேசியார் தினமும் லயத்தில் இருப்பார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது. சனங்கள் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய் என்று சிதறினார்கள். பாதிப் பேர் விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பினார்கள்.

என் அத்தை ஒருத்தர். தோட்டத்தில் ஒரு ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் அன்று சாயங்காலமே உபதேசியார் வாசலில் நிற்பார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்பார். அதே அத்தை பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு மூன்று வருடம் கோயிலுக்குப் போகவில்லை. அவர் வராதது அங்கே யாருக்கும் தெரியவே தெரியாது. நான் கேட்டேன். "விசுவாசம் போகலப்பா. நான் போனாலும் ஒண்ணுதான், போகாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சு" என்றார். இந்தப் பதிலுக்கு எந்த விளம்பரக் கம்பெனியிடம் மருந்து இருக்கிறது?

விளம்பரம் பூசை நேரத்தைச் சொல்லும். வழியைக் காட்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்த்து ஒருவர் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரும் பேசாமல் திரும்பிப் போனால்? முதல் தடவை விலகியவர் இரண்டாம் தடவையும் விலகுவார். அப்புறம் கூப்பிட்டாலும் வரமாட்டார்.

காணாமல் போன ஆட்டின் கதை எல்லாருக்கும் தெரியும். மேய்ப்பன் மலை உச்சியில் நின்று தமுக்கு அடிக்கவில்லையே! (சிரிப்பு) தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, ஒன்றைத் தேடிக் காலால் நடந்து போனான்.

விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒவ்வொரு அடுக்குமாடிக்கும் ஓர் உபதேசியாரை வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வரவில்லை என்று அவர் பார்க்கட்டும், திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டட்டும். இதுதான் எங்கள் அணியின் வாதம்.