வீட்டுக்குள் வந்த கடல்

'அக்வேரியம்' என்பதை நாம் மீன்தொட்டி என்றும் மீன் காட்சியகம் என்றும் வழங்கி வருகிறோம். இரண்டு சொல்லிலும் மீனே முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தச் சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்திய ஆங்கிலேய இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி கோஸின் தொட்டிகளில் மீனுக்கு அத்தனை முதன்மை இருந்ததில்லை. கடற்சாமந்தி, கடற்பாசி, நத்தை, குழாய்ப்புழு, நண்டு ஆகியவையே அங்கே குடியிருந்தன. 1854-இல் வெளிவந்த தம் நூலுக்கு அவர் 'தி அக்வேரியம்' என்று பெயரிட்டார். அதற்குமுன் 'விவேரியம்', 'அக்வா-விவேரியம்' என்றெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தார்கள். நாக்கில் ஒட்டாத சொற்கள். சொல்லாக்கத்தில் ஈடுபாடுள்ள நமக்கு இந்த இடம் சுவையானதுதான் என்றாலும், இங்கே நாம் பேச வந்தது சொல்லைப் பற்றி அன்று. சொல்லைத் தந்தவரின் வீட்டைப் பற்றி.

கடலுயிர்களை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது அக்காலத்தில் எளிய காரியமாக இருக்கவில்லை. கடல்நீரைப் பாத்திரத்தில் மொண்டுவந்து ஓர் உயிரை அதில் விட்டால், சில நாட்களில் நீர் நாறும், உயிர் சாகும். 1846-இல் ஆனா தைன் என்ற சீமாட்டி டார்கீ கடற்கரையிலிருந்து சில பவள உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். அவற்றை உயிரோடு வைத்திருக்க அவர் கண்ட வழி, அந்த நீரைத் திறந்த சன்னலுக்கு எதிரே நின்று பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஊற்றுவது. நாள்தோறும் அரைமணி, முக்கால் மணி நேரம் இது நடந்தது. ஊற்றியவர் சீமாட்டி அல்லர், வீட்டு வேலைக்காரப் பெண். அறிவியல் வரலாற்றில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. பின்னர் பவளங்களோடு கடற்பாசியையும் சேர்த்து வைக்கலாம் என்று தைன் கண்டார்.

அதன் காரணத்தைத் தெளிவாக்கியவர் இலண்டன் வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்த்தாவரத்தையும் விட்டார். தாவரம் வெளிச்சத்தில் உயிர்வளியை வெளியிட்டது. மீன்கள் விடும் கரியமிலவாயுவை உள்வாங்கியது. ஆயினும் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. அப்போது அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மீன், செடி, நத்தை என்ற மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றால் நீரை மாற்றவே வேண்டாம். இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரி 1845-இலேயே நீக்கப்பட்டிருந்ததால் கண்ணாடியும் மலிந்திருந்தது. எல்லாம் ஆயத்தமாக இருந்தன. கடலை அறிந்த ஒருவர் வர வேண்டியிருந்தது.

கோஸ் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பாதை நேரானதன்று. 1810-இல் பிறந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியம் வரைந்து பிழைத்தவர். பதினேழு வயதில் மகன் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கணக்கெழுதப் போனார். கனடாவில் வேளாண்மை செய்து பார்த்தார், பலிக்கவில்லை. அலபாமாவில் பள்ளி ஆசிரியராக இருந்தார், அதுவும் நிலைக்கவில்லை. போன இடமெல்லாம் பூச்சிகளைப் பார்த்து எழுதினார், வரைந்தார். தந்தையின் தூரிகை மட்டும் கைவிடவில்லை. 1848-இல் எமிலி போஸ் என்பவரை மணந்தார். அவரும் எழுத்தாளர், சமயத் துண்டுநூல்கள் எழுதியவர். இருவரும் 'பிளிமத் சகோதரர்' சபையைச் சேர்ந்தவர்கள். விவிலியத்தின் ஒவ்வொரு சொல்லையும் அப்படியே மெய்யென்று கொண்டவர்கள். 1849-இல் ஒரே மகன் எட்மண்ட் பிறந்த நாளன்று கோஸ் தம் நாட்குறிப்பில் அச்செய்தியையும், ஜமைக்காவிலிருந்து பச்சைத் தகைவிலான் ஒன்று வந்து சேர்ந்த செய்தியையும் அடுத்தடுத்து எழுதினார். கல்நெஞ்சர் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் எல்லா வரவுகளையும் ஒரே ஏட்டில் எழுதுபவர், அவ்வளவே.

உடல்நலம் கெட்டு 1852-இல் டெவன் கடற்கரைக்குப் போனவர் அங்கே பாறைக்குட்டைகளின் முன் மண்டியிட்டார். மறு ஆண்டு இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் மீன் இல்லம் திறக்கப்பட்டபோது அதற்கான உயிர்களில் பலவற்றை அனுப்பியவர் அவரே. இலண்டன் வீட்டிலும் தொட்டிகள் அமைத்தார். கடல்நீர் எளிதில் கிடைக்காததால் தாமே அதைச் செய்ய முனைந்தார். சமையலுப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் அளந்து நல்ல தண்ணீரில் கரைத்தார். அந்த நீரில் முதலில் பாசி படிந்த கற்களை இட்டு, சில நாள் கழித்தே உயிர்களை விட்டார். கடற்சாமந்தி அந்தப் பொய்க்கடலில் இதழ் விரித்தது. 1854-இன் நூலும் அடுத்த ஆண்டு வந்த கையேடும் இந்தச் செய்முறையை நாடெங்கும் கொண்டு சென்றன. நடுத்தர வர்க்கத்து வீடுகளின் வரவேற்பறைகளில் உப்புநீர்த் தொட்டிகள் இடம்பிடித்தன.

1856-இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். முறையான கல்வியற்ற ஓர் எழுத்தருக்கு அதைவிடப் பெரிய மதிப்பு அந்நாளில் இல்லை. அதே ஆண்டில் எமிலியின் மார்பில் புற்றுக்கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. கத்தி வைக்காமல் குணமாக்குவதாகச் சொன்ன மருத்துவர் ஒருவரின் களிம்புச் சிகிச்சையை நாடினார்கள். அந்தக் களிம்பு சதையை அரித்தெடுப்பது. மாதக்கணக்கில் அந்த வேதனை நீடித்தது. தாய் படுத்திருந்த அறையில் சிறுவயது மகன் உடனிருந்தான். 1857 பிப்ரவரியில் எமிலி இறந்தார். அவருடைய இறுதி நாட்களைப் பற்றி கோஸ் அதே ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். சதைப்புண்ணின் விவரங்களை மறைக்காமல் எழுதிய அந்த நூல் சபையினருக்கே பிடிக்கவில்லை. எதையும் உற்று நோக்கி, கண்டதைக் குறைக்காமல் எழுதுவதே அவர் கற்ற ஒரே முறை. துயரத்தையும் அப்படித்தான் எழுதினார்.

அந்த ஆண்டின் இறுதியில் இரண்டாவது அடி விழுந்தது. 'ஓம்ஃபலோஸ்' என்ற நூலை வெளியிட்டார். கிரேக்கத்தில் அதற்குத் தொப்புள் என்று பொருள். நிலவியல் காட்டும் நீண்ட காலத்தையும் விவிலியத்தின் ஆறு நாட்களையும் ஒரே கயிற்றில் கட்ட அவர் முயன்றார். தாயில்லாத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். அன்று படைக்கப்பட்ட மரத்திலும் ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். அவ்வாறே உலகமும் தான் காணாத ஒரு கடந்தகாலத்தின் அடையாளங்களோடு, புதைபடிவங்களோடு, ஒரே நொடியில் படைக்கப்பட்டது என்பது வாதம். அறிவியலாளர் நகைத்தனர்; இறையன்பர் வருந்தினர். அவருடைய நண்பரும் கடற்கரை நூலொன்றின் ஆசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி, கடவுள் பாறைகளில் பொய்யெழுதி வைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என எழுதினார். புத்தகம் விற்கவில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து போர்ஹெஸ் இந்த வாதத்தின் வினோத அழகை வியந்து ஒரு கட்டுரை எழுதியதை நம் வாசகர்களில் சிலர் அறிந்திருக்கலாம்.

இங்கே நமக்கொரு ஊகம் உண்டு. சான்று காட்ட முடியாது என்பதால் ஊகம் என்றே வைக்கிறோம். தொட்டி அமைப்பவர் செய்வது என்ன? நேற்றுக் கலந்த நீரில், பல ஆண்டு அலையில் தேய்ந்த கல்லை இடுகிறார். முழுதாக வளர்ந்த பாசியை நடுகிறார். முதிர்ந்த சிப்பியை வைக்கிறார். அதன் ஓட்டில் வளர்ச்சிக் கோடுகள் இருக்கும். புதிதாக வந்து பார்ப்பவர் அந்தக் கோடுகளை எண்ணினால், தொட்டிக்கு அது காணாத வயதைச் சொல்வார். 'ஓம்ஃபலோஸ்' நூலின் கடவுள் தொட்டி அமைப்பவரைப் போலவே இருக்கிறார். ஐந்தாறு ஆண்டுகள் கண்ணாடிக்குப் பின்னே சிற்றுலகங்களை ஆயத்தமாக வைத்துப் பழகிய ஒருவருக்கு அந்த வாதம் விசித்திரமாகவே பட்டிருக்காது.

1857 செப்டம்பரில், நூல் வெளிவருவதற்குச் சற்று முன்பே, அவர் இலண்டனை விட்டு மகனுடன் டார்கீயை அடுத்த செயிண்ட் மேரிசர்ச்சுக்குக் குடிபெயர்ந்திருந்தார். புதிதாகக் கட்டிய வீடு. சுற்றிலும் செம்மண் தோட்டம். கடல் நடைதூரத்தில். இனி உப்பு கலக்க வேண்டியதில்லை. படிப்பறையில் கடல்நீர்த் தொட்டிகள் வந்தன. வற்றுநேரம் பார்த்து இருவரும் பாறைகளுக்கு இறங்குவார்கள். தந்தை நீருக்குள் நின்று, அரிக்கப்பட்ட பாறையின் அடிப்பகுதியை உளியால் பெயர்த்தெடுப்பார். கடற்சாமந்தியைக் கிள்ளினால் கிழிந்துவிடும். கல்லோடுதான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் விட்டு அது விரியும்வரை காத்திருப்பார். சில உயிர்கள் நாள் முழுதும் விரிவதில்லை. விரிந்ததும் வரைவார். இப்படி 1858 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1860-இல் நிறைவுற்றதே பிரித்தானியக் கடற்சாமந்திகள், பவளங்கள் பற்றிய அவருடைய பெருநூல். அதன் வண்ணப்படங்களை இன்று பார்த்தாலும் ஈரம் தெரிகிறது. அது துயரத்தை மறக்கச் செய்த வேலை என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. தொட்டிக்கு நாள்தோறும் கவனிப்பு தேவை என்பது மட்டும் தெரியும். செத்ததை அன்றே எடுக்காவிட்டால் மற்றவையும் சாகும்.

சிறுவனும் அருகில் இருந்து தனக்கென ஒரு 'நூல்' எழுதினான். தந்தையைப் பார்த்து உயிர்களை வரைந்தான், இல்லாத இனங்களையும் கற்பனையாகச் சேர்த்தான். ஆடிகோம் கரையில் தானே ஒரு புதிய கடற்சாமந்தியைக் கண்டதாகவும் பின்னாளில் எழுதினான். 1907-இல் பெயர் போடாமல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' நூலில் இவையெல்லாம் வருகின்றன. துர்கேனிவின் நாவலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எட்மண்ட் அதற்குள் புகழ்பெற்ற திறனாய்வாளர்; தந்தையின் சமயத்தை எப்போதோ உதறியவர். அந்தச் சிறந்த நூலின் வழியாகவே உலகம் கோஸை இருண்ட முகத்தவராக அறிந்தது. 2002-இல் ஆன் துவைட் எழுதிய வாழ்க்கை வரலாறு அதைத் திருத்துகிறது. வீட்டில் சிரிப்பும் இருந்தது என்று காட்டுகிறது. மகனின் கலை பெரிது. தகவலுக்கு அவரை மட்டும் நம்ப முடியாது என்பதே நம் கருத்து.

ஆனால் ஓர் இடத்தில் மகனை நம்பாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கரையின் பாறைக்குட்டைகள் மனிதர் தீண்டாத ஆதி அழகோடு இருந்ததைத் தானும் தந்தையும் கண்டதாகவும், தந்தையின் நூல்களைப் படித்துவிட்டு வந்த சேகரிப்பாளர் கூட்டம் அவற்றைச் சுரண்டித் தீர்த்ததாகவும் அவர் எழுதுகிறார். கூடையும் உளியும் கொண்டு வந்தவர்கள் கோஸ் சொன்னபடியே கல்லோடு பெயர்த்தார்கள். பல நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று தாங்கி நின்றவை சில கோடைகளில் போயின. வரவேற்பறைத் தொட்டிகளிலோ பெரும்பாலும் நீர் நாறியது. 1860-களில் மோகம் வடிந்தது. இது தந்தைக்குத் தெரியும், இதனால் அவர் மிகவும் வருந்தினார் என்று மகன் சொல்கிறார்.

1860 இறுதியில் கோஸ் எலைசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். எலைசா நல்ல ஓவியர். சிறுவனிடம் அன்பாக இருந்தார். பிற்காலத்தில் கோஸ் வீட்டில் ஆர்க்கிட் செடிகளை வளர்த்தார். நுண்ணோக்கியில் சக்கர உயிரிகளைப் பார்த்தார், ஒரு துளி நீர் போதும் என்பதால். 1888-இல் அதே வீட்டில் இறந்தார்.