சாத்தனூர் அணை

திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கம். காமராசர் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்டு 1958இல் பயன்பாட்டுக்கு வந்தது. முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி.

நீர் மேலாண்மை: நந்தி மலைப்பகுதியில் தோன்றும் ஆறு, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளைக் கடந்து இங்கு வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் தேங்கும் நீர், இடது, வலது கால்வாய்கள் வழியாக வயல்களுக்கும் ஏரிகளுக்கும் பகிரப்படுகிறது. கோடையிலும் திருவண்ணாமலை நகரின் குடிநீருக்கு இருப்பு வைப்பது இன்றியமையாதது.

வெள்ளக் காலத்தில் தேவை நேர்மாறாகிறது. வரும் நீருக்கு இடம் வேண்டும். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 2 அன்று, வினாடிக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் கனஅடி திறக்கப்பட்டது. கீழ்க்கரை ஊர்கள் பெரும் வெள்ளத்தைச் சந்தித்தன. சேமிப்பும் பாதுகாப்பும் ஒருசேரக் காக்கப்பட வேண்டியவை.