மூவாயிரத்து நூறு ரூபாயும் ஒரு பழைய சட்டப் பிரிவும்

போன மழைக்காலத்தில் கோடம்பாக்கம் பாலத்தில் இறங்கும்போது முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றது. நானும் பிரேக் போட்டேன், ஆனால் ரோடு ஈரம். யாருக்கும் அடி இல்லை. ஆட்டோ அண்ணன் இறங்கி வந்து, தன் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாத்து வாங்க சார்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் வண்டியில் பம்பர் பிளந்து, இடது ஹெட்லைட் உடைந்து, ஃபெண்டர் நசுங்கியிருந்தது.

ஒர்க் ஷாப் எஸ்டிமேட் 18,000 ரூபாய். இன்சூரன்ஸில் கிளெய்ம் போட்டேன். கம்பெனி ஆள் வந்து, போட்டோ எடுத்து, கணக்குப் போட்டார். பம்பர் 4,800, பிளாஸ்டிக் என்பதால் பாதி கழித்து 2,400. ஃபெண்டர் 3,000, வண்டிக்கு நாலரை வயது, இரும்புக்கு 35 சதவீதம் தேய்மானம், ஆக 1,950. லேபர் 4,000 முழுசாக. கட்டாயக் கழிவு 1,000. இதெல்லாம் பாலிசியில் அச்சடித்திருக்கிற விஷயம், சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் 6,200 ரூபாய் ஹெட்லைட்டுக்கு நேராக ஒரு சைபர். பக்கத்தில் "பழைய சேதம்" என்று ஒரு வரி. பாதி கழித்தாலும் 3,100 வர வேண்டும். ஆக என் வழக்கு மூவாயிரத்து நூறு ரூபாய் வழக்கு.

போன் பண்ணிக் கேட்டேன். "சர்வே ரிப்போர்ட் வந்துடுச்சு சார், அதுதான் ஃபைனல், எங்களால மாத்த முடியாது" என்றார்கள். இந்த "ஃபைனல்" என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிராளிக்காக வந்த சட்டம்

கார் இன்சூரன்ஸ் கட்டாயமானது நம் காரைக் காப்பாற்ற அல்ல. பிரிட்டனில் 1930ல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டம், நம் வண்டியால் அடிபடுகிறவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும் என்பதற்காக இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. அதே எண்ணம் இந்தியாவில் 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாவது அத்தியாயமாக வந்தது. சட்டம் 1939 என்றாலும் இந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1ல்தான். 1988ல் வந்த இப்போதைய சட்டமும் இந்த அடித்தளத்தை மாற்றவில்லை.

நம் சொந்த வண்டிக்கு ஆகும் சேதம் இந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கிறது. அது நமக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். அடிபட்டவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; பம்பர் உடைந்தவனுக்கு அந்தத் தீர்ப்பாயத்தில் இடமில்லை. அப்படியானால், சேதம் எவ்வளவு என்று யார் சொல்வது?

சர்வேயர் எப்படி வந்தார்

பணம் கொடுக்க வேண்டியவரே நஷ்டத்தை அளந்தால் அளவு எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தில் 1968ல் ஒரு திருத்தம் செய்து, 64 யூ.எம். என்ற பிரிவைச் சேர்த்தார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட நஷ்டத்தை, லைசென்ஸ் பெற்ற சர்வேயர் பார்த்து அறிக்கை தந்த பிறகே கம்பெனி தீர்க்கலாம். அந்த வரம்பு வெகுகாலம் 20,000 ரூபாயாக இருந்தது. பிற்பாடு விதிமுறைகள் வழியாக உயர்ந்தது.

நான் எதிர்பார்க்காத விஷயம் அதே பிரிவுக்குள் இருந்தது. சர்வேயர் சொன்ன தொகைக்கு மாறான தொகையில் கிளெய்மைத் தீர்க்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்று அங்கேயே எழுதியிருக்கிறது. "எங்களால மாத்த முடியாது" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை!

இன்னொன்றும் புரிந்தது. என் கணக்கு அந்தப் பழைய வரம்புக்கும் கீழே. லைசென்ஸ் உள்ள சர்வேயர் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வந்தவர் கம்பெனியின் சொந்த ஊழியர். சின்ன விபத்தில் மாட்டியவனுக்குத்தான் பாதுகாப்பு குறைவு.

ஃபைனல் இல்லை என்று சொன்னவர்கள்

1973 ஜனவரி 1ல் பொதுக் காப்பீடு அரசுடைமை ஆனது. 107 நிறுவனங்கள் நான்கு கம்பெனிகளுக்குள் அடங்கின. அதில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் நம்ம சென்னை. அந்த நாளில் கிளெய்ம் தகராறு என்றால் சிவில் கோர்ட்தான். மூவாயிரம் ரூபாய்க்கு யார் வக்கீல் வைப்பார்கள்?

1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. 1998ல் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் முறை வந்தது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ அங்கே போகலாம். அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

2009ல் உச்ச நீதிமன்றம் நேரடியாகவே சொன்னது. விபத்தில் சிக்கிய ஒரு வண்டியின் வழக்கு. சர்வேயர் போட்ட தொகையைத் தாண்டி, உரிமையாளர் காட்டிய அசல் பில்களை நம்பி நுகர்வோர் மன்றம் பணம் தரச் சொன்னது. கம்பெனி மேல்முறையீடு போய்த் தோற்றது. சர்வே அறிக்கை ஒரு ஆதாரம், அவ்வளவுதான், அது கடைசி வார்த்தை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு வேறொரு வழக்கில், சர்வே அறிக்கையை ஏற்காவிட்டால் கம்பெனி காரணம் சொல்ல வேண்டும், சாதகமான அறிக்கை கிடைக்கும்வரை ஆள் மாற்றி ஆள் அனுப்பக்கூடாது என்றும் சொன்னது. ஆக, கத்தி இரண்டு பக்கமும் வெட்டும்: காரணம் இல்லாமல் அறிக்கையைத் தள்ளவும் முடியாது, ஆதாரம் இருந்தால் அறிக்கையே தாங்காது.

என் கதைக்கு வருவோம்

ஆதாரம் என்னிடம் இருந்தது, ஆனால் அது எனக்கே தெரியாது. விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் சர்வீஸ் விட்டிருந்தேன். வண்டியை உள்ளே எடுக்கும்போது சுற்றி வந்து டிக் அடிப்பார்களே, அந்த ஜாப் கார்டு டேஷ்போர்டு பெட்டியில் கிடந்தது. ஹெட்லைட் இரண்டும் நன்றாக இருக்கிறது என்று அதில் டிக். அதை வைத்து ஒரு பக்கக் கடிதம். சர்வே ரிப்போர்ட் நகல் கொடுங்கள், "பழைய சேதம்" என்பதற்குக் காரணம் எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன். கோபம் ஒரு வரிகூட இல்லை.

பன்னிரண்டாம் நாள் 3,100 ரூபாய் கணக்கில் விழுந்தது. விளக்கம் எதுவும் வரவில்லை.

வெற்றி என்று துள்ள முடியவில்லை. நாலு வருஷம் கிளெய்ம் போடாமல் சேர்த்த 45 சதவீத போனஸ் இதோடு போயிற்று. அடுத்த பிரீமியத்தில் அது தெரியும். சின்ன உரசலுக்குக் கிளெய்ம் போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய கணக்கு அது; நான் பிறகுதான் செய்தேன்.

ஆனாலும் வருத்தமில்லை. போனில் ஒருவர் சாதாரணமாகச் சொன்ன "ஃபைனல்" என்ற சொல்லை, முகம் தெரியாத எத்தனையோ பேர் பில்லும் கையுமாக அலைந்து பொய்யாக்கி வைத்திருக்கிறார்கள். அவர்கள் திறந்த வழியில் ஒரு பக்கக் கடிதத்தோடு நான் நடந்து போனேன், அவ்வளவுதான். அந்த ஜாப் கார்டு இன்னும் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது. உங்களுடையதையும் தூக்கிப் போடாதீர்கள்.