ஒரு வயலின், மூன்று ஆங்கிலேயர்கள்



போன மாதம் லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், இதைக் கேளுங்க" என்று வாட்ஸ்அப்பில் ஓர் இசைப்பதிவு அனுப்பினார். எல்கர் எழுதிய வயலின் கான்செர்ட்டோ. நம் கச்சேரியில் பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம். கான்செர்ட்டோவிலோ வயலின்தான் பாடகர். பெரிய இசைக்குழு முழுவதும் அதற்குப் பக்கவாத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முதல் நாள் பாதியில் தூங்கிவிட்டேன், ஒளிப்பானேன்! மறுநாள் அதை எழுதியவரின் கதையைப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை.

எட்வர்ட் எல்கர் 1857இல் பிறந்தவர். வூஸ்டர் நகரில் இசைக்கடை வைத்திருந்தவரின் மகன். இசைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். பெரிய வயலின் வித்வான் ஆகவேண்டும் என்பது ஆசை. லண்டன் போய்ப் பாடமும் கேட்டார். அந்த உயரம் தனக்கு எட்டாது என்று தெரிந்ததும் ஆசையை விட்டுவிட்டு, ஊரிலே பிழைப்புக்காக வயலின் சொல்லிக்கொடுத்தார். அந்த வேலை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆயுள் முழுக்க வாத்தியாராக இருந்த எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. சில திங்கட்கிழமைக் காலைகளில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

1910 நவம்பர் 10 அன்று லண்டன் குவீன்ஸ் ஹாலில் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர் வயலின் வாசிக்க, எல்கரே இசைக்குழுவை நடத்தினார். தாம் ஆக முடியாத வித்வானுக்காக எழுதிய இசை அது. கடைசிப் பகுதியில், முடியப்போகிற நேரத்தில், வேகமெல்லாம் அடங்கி, முன்பு வந்த மெட்டுகளை வயலின் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறது. மற்ற தந்திக் கருவிகள் விரலால் மெல்ல மீட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 1932இல் இதை ஒலிப்பதிவு செய்தபோது எல்கருக்கு வயது 75, வாசித்த யெஹூதி மெனுஹினுக்கு 16. எனக்கு வந்தது அந்தப் பதிவுதான்.

1939இல் இன்னும் இரண்டு ஆங்கிலேயர்கள் ஆளுக்கொரு வயலின் கான்செர்ட்டோ எழுதி முடித்தார்கள். வில்லியம் வால்டன், ஹைஃபெட்ஸ் என்ற மேதை கேட்டு எழுதியது. பெரும்பகுதி இத்தாலியில் உருவானது. அங்கே சிலந்தி கடித்ததால்தான் நடுவில் அந்தத் துள்ளாட்டம் வந்தது என்று ஒரு கதை உண்டு. டிசம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அரங்கேறியபோது போர் மூண்டிருந்ததால் அவரால் போகமுடியவில்லை.

மற்றவர் பெஞ்சமின் பிரிட்டன். இது நாட்டின் பெயரல்ல, ஆளின் பெயர்! வயது 25. போரையே ஏற்காதவர். அந்த வருடமே கடல் கடந்து வட அமெரிக்கா போய்விட்டார். ஸ்பெயின் உள்நாட்டுப் போர் மனதை அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதினார். 1940 மார்ச்சில் நியூயார்க்கில் வாசித்தவரும் அன்டோனியோ புரோசா என்ற ஸ்பானியர்தான். நாட்டை விட்டு ஓடியவர் என்று ஊரில் ஏசினார்கள். 1942இல், போர் நடக்கும்போதே திரும்பி வந்து, ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று விசாரணை மன்றத்தில் சொன்னார்.

வால்டன் இனிமை, ஆனால் என் மனதில் ஒட்டவில்லை. பிரிட்டனின் முடிவு விடமாட்டேன் என்கிறது. மகிழ்ச்சியா துக்கமா என்று தீர்மானிக்காமல் இரண்டு சுரங்களுக்கு நடுவே வயலின் நடுங்கி நடுங்கி அடங்குகிறது. இரவில் தனியாகக் கேட்கவேண்டாம்.

அனுப்பிய மாணவர் இதைப் படித்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வரவும். அந்த எல்கரைச் சேர்ந்து கேட்போம். இந்த முறை தூங்கமாட்டேன்.